வெள்ளியா, சிமென்ட்டா, காம்போசிட்டா... சொத்தைப் பல்லில் எதை அடைப்பது?

விருதுநகர் - மானாமதுரை ரயில் பாதையில் திருச்சுழியைத் தாண்டினால் நரிக்குடி. கண்மாயும் சீமைக் கருவேலமும் வானம் பார்த்த நிலமுமான இந்தப் பக்கத்தில், பல்வலிக்கு முதல் வைத்தியம் கிராம்பு. அதுக்கும் கேட்கலைன்னாதான் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ பஸ். அன்றைய கூலி போச்சு. அதனால்தான் டாக்டர் 'அடைச்சிரலாமா?' என்று கேட்டாலும், 'பேசாம புடுங்கி விட்ருங்க' என்று சொல்பவர்கள் அதிகம். (மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்று பயப்படுவதும் இவர்களேதான். போகாதுங்க!)

இவர்களுக்கும் சேர்த்து ஜெனீவாவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2025 நவம்பரில் கூடி, 'வெள்ளி அடைப்பு' என்று நாம் சொல்லும் அமால்கத்தை 2034-க்குள் நிறுத்த ஒப்புக்கொண்டன. இந்தியா 2018-ல் இந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட நாடு. ஐரோப்பிய ஒன்றியம் சில விதிவிலக்குகளோடு 2025 ஜனவரியிலேயே தடை போட்டுவிட்டது.

பெயர்தான் வெள்ளி. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை விவகாரத்துக்குப் பிறகு, பாதரசம் என்றாலே நமக்குத் திக்கென்கிறது. அதற்காக, நன்றாக இருக்கிற பழைய வெள்ளி அடைப்பைப் பயந்துபோய் எடுக்க வேண்டியதில்லை. தோண்டி எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் புதிதாக வைப்பதைத் தவிர்க்கச் சொல்லி 2022-லேயே முடிவெடுத்துவிட்டார்கள்.

சரி, இதற்குப் பதிலாக என்ன? இங்கேதான் சிக்கல். வெள்ளி அடைப்பு இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் எச்சில் பட்டாலும் பரவாயில்லை, கடைவாயில் முறுக்கு கடித்தாலும் தாங்கும், விலையும் குறைவு. பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் பார்க்க அழகு. ஆனால், வைக்கும்போது பல் ஈரமே இல்லாமல் இருக்க வேண்டும். அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல லைட் அடித்து இறுக்க வேண்டும். நேரம், கருவி, கைப்பழக்கம் எல்லாம் தேவை. அவசரத்தில் எச்சில் பட்டுவிட்டால் ஓரத்தில் இடைவெளி விழும். அதன் வழியே அடியில் மறுபடியும் சொத்தை.

இன்னொன்று, கிளாஸ் அயனோமர் எனும் சிமென்ட் அடைப்பு. பல்லோடு தானாக ஒட்டும், ஃப்ளோரைடையும் கசியவிடும். சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டிவிட்டு, விரலால் அழுத்தி வைக்கும் முறையும் உண்டு. மெஷினே வேண்டாம். பால் பல்லுக்கும், கரியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தே ஈறோரம் பள்ளமான பெரியவர்களின் பல்லுக்கும் இதுவே போதும். கடைவாயில் பெரிய குழி என்றால் மட்டும் சீக்கிரம் தேயும், உடையும்.

ஆக, சின்னக் குழிக்கு சிமென்ட், கடைவாய்க்கு காம்போசிட் என்பதுதான் நரிக்குடிக்குச் சரியாக வரும் என்று தோன்றுகிறது. அதற்கு, பக்கத்து அரசு மருத்துவமனையில் இரண்டும் ஸ்டாக் இருக்க வேண்டும், லைட்டும் வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால், வெள்ளியை நிறுத்திய பிறகு ஏழைக்கு மிச்சம், பிடுங்குவது மட்டும்தான்.

அடுத்தமுறை போகும்போது டாக்டரிடம் 'குழி எவ்வளவு ஆழம்? எத்தனை தடவை வரணும்?' என்று கேட்டுவிடுங்கள். ராத்திரி தூங்கவிடாமல் வலி தெறிக்கிறதென்றால், சொத்தை பெரும்பாலும் நரம்பைத் தொட்டிருக்கும். அப்புறம் எந்த அடைப்பும் மட்டும் போதாது. வேர் சிகிச்சைதான். அதற்கு இரண்டு, மூன்று பஸ் டிக்கெட்டாவது ஆகும்.