ஓட்டு யந்திரத்துக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

காட்டுமன்னார்கோயிலில் 2016-ம் ஆண்டு சட்டசபைத் தேர்தலின் முடிவை நிர்ணயித்தவை 87 ஓட்டுகள். 2019-ல் சிதம்பரம் பார்லிமெண்டுத் தொகுதியில் வித்தியாசம் 3,219. முன்னதில் தோற்றவரும் பின்னதில் வென்றவரும் ஒருவரே: திரு. திருமாவளவன். இத்தனை நெருக்கமான முடிவுகளை ஊர் ஏற்க வேண்டுமானால், எண்ணிய யந்திரத்தின் மீது நம்பிக்கை வேண்டும் அல்லவா?

அந்த யந்திரம் மிக எளியது. பொத்தான் பெட்டி ஒன்று, கணக்குப் பெட்டி ஒன்று, இணைக்க ஒரு கம்பி. பாட்டரியில் ஓடும். இண்டர்நெட் கிடையாது. பாரத் எலக்ட்ரானிக்ஸில் இதை உருவாக்கப் பாடுபட்டவர்களில் எழுத்தாளர் சுஜாதாவும் ஒருவர். உள்ளிருக்கும் புரோகிராமை ஒரு முறை பதித்த பிறகு மாற்ற முடியாது என்கிறது தேர்தல் கமிஷன். வேடிக்கை என்னவென்றால், எந்தப் பொத்தான் எந்தக் கட்சிக்குரியது என்பதே அதற்குத் தெரியாது! முதல் பொத்தானில் இத்தனை, இரண்டாவதில் இத்தனை. அதன் படிப்பு அவ்வளவுதான். பெயரும் சின்னமும் மேலே பொருத்திய காகிதத்தில் இருக்கின்றன. ஒன்றுமே தெரியாதவனை யார் விலைக்கு வாங்குவது?

ஆனால் உள்ளே நடப்பதை ஓட்டுப் போடுபவர் காண முடியாது என்ற குறை உண்மையானதே. ஜெர்மனியின் அரசியல் சாசனக் கோர்ட் 2009-ல் அந்நாட்டு யந்திரங்களை இக்காரணத்தால்தான் தள்ளிற்று. இங்கே 2013-ல் சீட்டு அச்சிடும் பெட்டி வந்து சேர்ந்தது. சீட்டு 7 விநாடி கண்ணில் பட்டுப் பெட்டியில் விழும். கையால் எண்ணத்தக்க காகிதமாதலால் இந்தச் சேர்க்கை தகும். ஆயினும், சின்னத்தை அச்சிட வேண்டுமானால் அதைப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு மற்றொரு கருவி! அந்தக் கருவிக்கும் சீல் வைத்து, முடிவுக்குப் பின் 45 நாள் காக்கும்படி 2024 ஏப்ரல் 26-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட நேர்ந்தது.

சீட்டுகளை எண்ணுவதோ சட்டசபைத் தொகுதிக்கு 5 சாவடிகளில் மட்டுமே. கடலூர், சிதம்பரம் பார்லிமெண்டுத் தொகுதிகளில் தலா 6 சட்டசபைத் தொகுதிகள். ஆக 30 சாவடிகள். போட்டி நெருங்கும்போது இதைக் கூட்டினால் நல்லது. புதிய கருவி வேண்டாம். மேஜையும் ஆட்களும் போதும்.

2022 டிசம்பரில் தேர்தல் கமிஷன் இன்னொரு யோசனையை வெளியிட்டது. ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகள் வரை ஓட்டுப் போடலாமாம். பெங்களூரில் பிழைக்கும் பண்ருட்டிக்காரர் அங்கிருந்தே கடலூருக்கு ஓட்டளிக்கலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் காகிதத்துக்குப் பதில் மின்திரை. தொகுதிக்குத் தக்கபடி பெயர்கள் மாறும். ஒன்றும் அறியாதிருந்த யந்திரம் இனி எல்லாம் அறிந்தாக வேண்டும்! 2023 ஜனவரியில் எதிர்க்கட்சிகள் பலவும் ஆட்சேபித்தன.

ராணுவத்தாருக்கும் 85 வயது கடந்தவர்களுக்கும் உள்ள தபால் ஓட்டை அந்தப் பண்ருட்டிக்காரருக்கும் கொடுத்தால் ஆகாதா? கடலூரிலேயே மேஜை மீது கொட்டி எண்ணிவிடலாம்.