உறுப்பினர்களுக்கு மட்டும்!

மொதல்லயே சொல்லிடறேன், நான் யூ2 எதிரி கிடையாது. 'அக்டுங் பேபி' கேசட்டை நாடா சுத்திக்கிற வரைக்கும் போட்டுத் தேய்ச்ச ஆளு. அதனால "உனக்கு ராக் புரியாது, அதான் பொலம்புற"ன்னு பின்னூட்டத்துல கும்ம ரெடியா இருக்கிற மக்கள் கொஞ்சம் பொறுத்துக்குங்க.

மேட்டர் இதுதான். 1995-ல இந்த அயர்லாந்து கோஷ்டி 'மெலன்'னு ஒரு ரீமிக்ஸ் ஆல்பம் போட்டாங்க. 'லெமன்'ங்கிற அவங்க பாட்டோட எழுத்தைக் கலைச்சுப் போட்டா மெலன். மொத்தம் 9 பாட்டு. கடைக்கே வரல. அவங்க ரசிகர் இதழான 'ப்ரொபகாண்டா'வுக்குச் சந்தா கட்டினவங்களுக்கு மட்டும். அப்புறம் 2010-ல 'ஆர்ட்டிஃபிஷியல் ஹொரைசன்', 13 ரீமிக்ஸ். சிடி வேணும்னா இணையதளத்துல காசு கட்டி உறுப்பினர் ஆகணும்.

"சந்தா கட்டினவனுக்கு ஒரு பரிசு, இதுல என்னய்யா தப்பு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பரிசு குடுக்கறது தப்பே இல்ல. டிக்கெட்டுல முன்னுரிமை குடுங்க, ஸ்பெஷல் அட்டை போட்டுக் குடுங்க, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஆனா பாட்டையே பூட்டி வைக்கிறது பரிசு இல்லீங்க. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைக்கலைங்கிறதாலதான் ஒண்ணுக்கு மதிப்புன்னா, அங்க நாம ரசிக்கறது பாட்டை இல்ல, வேலியை.

அடுத்த வாதம், "ரீமிக்ஸ்தானே, ஒரிஜினலா என்ன?" இது இன்னும் மோசம். 1992-ல 'ஈவன் பெட்டர் தேன் த ரியல் திங்' பாட்டு பிரிட்டன் தரவரிசையில 12-ஆம் இடம். அதே பாட்டுக்கு பால் ஓக்கன்ஃபோல்டும் ஸ்டீவ் ஆஸ்போர்னும் சேர்ந்து செஞ்ச பெர்ஃபெக்டோ ரீமிக்ஸ் 8-ஆம் இடம்! நகல் அசலைத் தாண்டிப் போச்சு. தூக்கி விட்டது யாரு? ராத்திரி முழுக்க ஆடின முகம் தெரியாத ஜனம். டிஜே எவனும் "உறுப்பினர் அட்டை இருக்கா"ன்னு கேட்டுட்டுப் பாட்டு போடறதில்ல. ஆடற எடத்துலேர்ந்து வந்த சரக்கை அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டறது எந்த ஊர் நியாயம்?

சரி, யூ2-வுக்கு இலவசமே ஆகாதான்னா, அதுவும் இல்ல. 2014-ல 'சாங்ஸ் ஆஃப் இன்னசன்ஸ்' ஆல்பத்தை சுமார் 50 கோடி ஐட்யூன்ஸ் கணக்குகளுக்கு, கேக்காமலேயே அனுப்பி வெச்சாங்க. ஜனங்க கடுப்பாகி, அதை நீக்கறதுக்குன்னே ஆப்பிள் ஒரு பக்கம் திறக்க வேண்டியதாப் போச்சு. யோசிச்சுப் பாருங்க. வேணாம்னு ஓடறவன் வீட்டுக்குள்ள ஒரு ஆல்பம். வேணும்னு நிக்கிறவன் மூஞ்சியில ஒரு கதவு. ரெண்டுக்கும் நோய் ஒண்ணுதான். யாரு கேக்கணும்ங்கிறதைக் கேக்கறவன் முடிவு பண்ணல, குடுக்கறவன் பண்றான்.

இதுக்கு மருந்தும் அவங்க கையிலயே இருந்துச்சு. 'ஆர்ட்டிஃபிஷியல் ஹொரைசன்' அதே 2010-ல மூணு இசைத்தட்டா பொதுமக்களுக்கும் வந்துச்சு. ட்ரென்ட் ரெஸ்னர் கைவெச்ச 'வெர்டிகோ'வைக் கண்டவனும் காசு குடுத்து வாங்கலாம்னு ஆனதுல சந்தா கட்டினவன் குடி முழுகியா போச்சு? உறுப்பினருக்கு மொதல்ல குடுங்க, ஆறு மாசம் கழிச்சு எல்லாருக்கும் விடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.

ரசிகர் மன்றம்னா பாட்டை நாலு பேர்கிட்ட கொண்டு போறவன். அவனை வாட்ச்மேன் ஆக்காதீங்க.

டிஸ்கி: "நீ சந்தா கட்டியிருந்தா இந்தப் பதிவு வந்திருக்குமா?"ன்னு எவனாவது கேப்பான். தெரியும். வந்திருக்காது. அதான்யா அந்தப் பூட்டோட வேலையே :-)