தவிலின் உற்பத்தித்திறன்

உற்பத்தித்திறன் என்பது ஒருவரின் ஒரு மணிநேர உழைப்பில் விளையும் பெறுமதி. புகையிலையை நிறுத்துக் கணக்கிடலாம். நிறுக்க ஏதுமற்ற சேவைகளுக்கோ பெரும்பாலும் கொடுத்த கூலியே அளவாகிவிடுவதால், நாடுகளின் சேவைத்துறைகளை ஒப்பிடும் அட்டவணைகள் உழைப்பின் திறனைக் காட்டிலும் ஊதிய வேறுபாட்டையே அதிகம் காட்டுகின்றன.

விசுவலிங்கமும் அவர் மகன் தெட்சணாமூர்த்தியும் தமிழகம் வரை புகழ் பரப்பிய யாழ்ப்பாணத்து இணுவில் தவில் மரபு இதற்குத் தக்க சான்று. ஊர்த் திருவிழாவில் விடிய விடிய மேளச்சமா வாசிக்கும் வித்துவான், அதே தவிலைச் சுவிற்சர்லாந்துக் கோயிலொன்றில் வாசிக்கும்போது சன்மானம் பன்மடங்காகிறது; சொற்கட்டும் காலப்பிரமாணமும் இம்மியும் மாறுவதில்லை. அங்குள்ள தொழிற்சாலைகள் உயர்த்திவிட்ட கூலிமட்டம், இயந்திரத்தால் விரைவுபடுத்த இயலாத தொழில்களின் விலையையும் இழுத்துச் செல்கிறது என்பதை, நரம்பிசை நால்வர் குழுவை எடுத்துக்காட்டிப் பொருளியலாளர்களான போமோலும் போவனும் 1966இல் விளக்கினர்.

நாணய மாற்று வீதத்தில் ஒப்பிடுவது இன்னும் விபரீதமானது. இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, ஓர் அடியும் பிசகாமல் வாசித்த தவில்காரரின் டொலர்வழி உற்பத்தித்திறன் நாற்பது வீதத்துக்கு மேல் சரிந்ததாகவே கொள்ளவேண்டும்! உள்ளூர் விலைகளைக் கொண்டு இதைத் திருத்தும் கொள்வனவுச் சக்திச் சமநிலை முறையும், விலைக்கு விற்கப்படாத அரச வைத்தியசாலையின் முன் தடுமாறுகிறது. அங்கு விளைவு பெரும்பாலும் சம்பளச் செலவால் மதிப்பிடப்படுவதால், தாதியின் பணி எவ்வளவு பலன் தந்தது என்பது அதில் தெரிவதில்லை. தேசிய வருமானத்தில் சுமார் 4 வீதத்தைச் சுகாதாரத்துக்குச் செலவிடும் இலங்கையின் ஆயுள் எதிர்பார்க்கை, சுமார் 17 வீதத்தைச் செலவிடும் அமெரிக்காவினதை நெருங்கி நிற்பது அந்தக் கணக்கில் எங்கும் பதிவாவதில்லை.

எண்ணக்கூடிய சேவைகளில் பின்தங்கலை மறைக்கத் தேவையில்லை. காங்கேசன்துறை வீதியில் இணுவிலைக் கடக்கும் பஸ்ஸில் சாரதியுடன் நடத்துநரும் இருக்க, சூரிச்சில் சாரதி ஒருவரே போதும் என்பதால் பணியாளர் ஒருவருக்குரிய பயணிகள் கணக்கு இங்கு குறையத்தான் செய்யும். ஆயினும் கூலி மலிவாகவும் பயணச்சீட்டு இயந்திரம் டொலர் கொடுத்து இறக்கவேண்டியதாகவும் இருக்கும் நாட்டில், மூட்டையையும் ஏற்றி முதியவருக்கும் கைகொடுக்கும் நடத்துநரை வைத்திருப்பது முதலாளியின் சரியான கணக்கே. அவரை இறக்கிவிட்டால் அட்டவணை உயரும், அவருக்கு வேறு வேலை எங்கே என்பதை அட்டவணை சொல்லாது.