கண்டெடுத்தோமா, கைவிட்டோமா?

மறைந்த கலைஞனுக்கு மாலை சூட்டுவதில் நமக்கு நிகர் நாமே. அவன் வாழ்ந்த நாளில் பெயரைக் கேட்க மறந்துவிட்டு, அவன் பெட்டி திறக்கப்பட்ட நாளை மட்டும் 'அரிய கண்டுபிடிப்பு' என்று கொண்டாடுகிறோம். நம் புறக்கணிப்பின்மேல் நாமே போர்த்தும் பொன்னாடை இச்சொல்.

நாம் வாழும் இத்தில்லியிலேயே சான்று உண்டு. மோரி கேட் பகுதியில் ஸ்டுடியோ நடத்தியவர் குல்வந்த் ராய் (1914–1984). 1946-இல் சிம்லாவில் நேருவும் ஜின்னாவும் உடன் நடந்து செல்லும் படம் அவர் எடுத்தது. பக்ரா அணை எழுந்த காட்சிகளையும் அவர் படமாக்கினார். படங்களை அறிந்தவர் பலர். எடுத்தவரை அறிந்தவர் சிலர். 1958-இல் உலகப் பயணம் புறப்பட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கண்டு, நெகடிவ்களை அஞ்சலில் தில்லிக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது அவை இல்லை. அம்மனிதர் குப்பைமேடுகளில் அவற்றைத் தேடி அலைந்தார். அவர் இறந்தபின் எஞ்சிய பெட்டிகள் புகைப்படக் கலைஞர் ஆதித்ய ஆர்யாவிடம் சேர்ந்தன. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு மூடியே கிடந்தவை, பின்னர் திறக்கப்பட்டு, 2010-இல் நூலாயின.

"திறமை என்றேனும் வெளிப்பட்டே தீரும்" என்பார் உளர். அமெரிக்காவின் விவியன் மேயரை (1926–2009) அவர்கள் எடுத்துக்காட்டுவர். குழந்தைகளைப் பேணும் பணிப்பெண்ணாக வாழ்ந்துகொண்டே சிக்காகோவின் தெருக்களைப் படமெடுத்தவர் அவர். வாடகை கட்டாத சேமிப்பறையிலிருந்து 2007-இல் ஏலம் போன பெட்டிகளே, அவர் மறைந்தபின் அவருக்கு உலகப் புகழைத் தந்தன. அவருடைய நெகடிவ்கள் லட்சத்திற்கும் மேல் என்பர். ஆனால் மேயர் தம் படங்களைப் பெரும்பாலும் பிறருக்குக் காட்டியதில்லை. குல்வந்த் ராயோ படமெடுத்தே பிழைத்தவர். அவரை மறைத்தது அவருடைய கூச்சமன்று, நம் அசட்டை. ஏலத்தில் வாங்குவார் இல்லையேல் மேயரும் இல்லை. தற்செயலை நியதி என்று சொல்வது அறியாமையன்றோ? தப்பிய ஒருவரைக் காட்டி, தப்பாத பலரை மறக்கிறோம்.

இது தமிழருக்குப் புதிய பாடமா? கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பிலிட்டதைக் கேட்டு உ.வே. சாமிநாதையர் நெஞ்சு புண்பட்டார். அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்பதை இனி எவரும் கூற இயலாது. ஐயரைப் போற்றும் நாம், அவர் எதை எதிர்த்துப் போராடினாரோ அதையே இன்று நம் வீடுகளில் செய்கிறோம். ஓய்வு பெற்று அரசுக் குடியிருப்பைக் காலி செய்யும் நாளில், பழைய ஆல்பங்கள் கபாடிவாலாவின் தராசில் ஏறுகின்றன.

"வீட்டுப் படங்களில் என்ன வரலாறு?" என்பீர். மேயர் எடுத்தவை வழிப்போக்கர் முகங்களே. அவை வரலாறு ஆகவில்லையா? கரோல் பாகின் மாடிக் குடித்தனமும், ராமகிருஷ்ணபுரத்துக் கொலு வரிசையும், குளிர்காலப் புல்வெளியில் அமர்ந்த நம் பாட்டியரும் எந்த அரசு ஆவணத்தில் இருக்கப்போகிறார்கள்? தில்லித் தமிழர் வந்து வாழ்ந்த கதைக்கு அப்படங்களே கல்வெட்டு.

ஆகவே, புகழுரை போதும், செயல் வேண்டும். படத்தின் பின்புறம் இடம், ஆண்டு, இருப்பவர் பெயர், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். நெகடிவ்களைப் பரணின் வெப்பத்திலிருந்து இறக்குங்கள். காடி நெடி வீசினால் அவை அழியத் தொடங்கிவிட்டன என்று பொருள். நம் சங்கங்கள் மலருக்கு விளம்பரம் திரட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கையேனும் படங்களைத் திரட்டுவதில் காட்டட்டும். மலரில் அச்சாகும் ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயர் இருக்கட்டும். எடுத்தவர் உயிரோடிருக்கும்போதே அது நிகழட்டும்.