நட்டது எத்தனை? பிழைத்தது எத்தனை?

கன்று நட்டார்கள். கணக்கு எழுதினார்கள். மறு வருஷம் போய்ப் பார்த்தால் வெறும் குழிதான் இருந்தது!

ஆப்பிரிக்காவில் உள்ள நைஜர் நாட்டில் பல ஆண்டுகள் இதுதான் நடந்தது. சகாரா பாலைவனத்தை ஒட்டிய வறண்ட நாடு அது. கம்பும் சோளமும்தான் அங்கே சாப்பாடு. காற்றில் மணல் பறந்து வந்து, முளைத்த பயிரை மூடிவிடும். அதைத் தடுக்க மரம் வளர்க்க நினைத்தார்கள். நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை கருகிப் போயின.

1983-ம் ஆண்டு. டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் மரடி என்ற ஊர்ப் பக்கம் வண்டியில் போனார். வழியில் நிறுத்தினார். பக்கத்தில் ஒரு புதர். உற்றுப் பார்த்தார். அது புதர் அல்ல. வெட்டிய மரத்தின் அடிக்கட்டை துளிர்த்திருந்தது!

மண்ணுக்குள் வேர் உயிரோடு இருந்தது. நல்ல தண்டுகள் சிலவற்றை விட்டு, மற்றவற்றைக் கழித்தால் மரமாகிவிடும். கன்றும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

அவசரத் தீர்ப்பு

1984-ல் பஞ்சம் வந்தது. வயலில் மரத்தை விட்டு வைத்தவர்களுக்குத் தானியம் கொடுத்தார்கள். சுமார் 5 லட்சம் மரங்கள் தப்பின. தானியம் கொடுப்பது நின்றது. உடனே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டிவிட்டார்கள்!

அந்தச் சமயம் ஓர் அதிகாரி கணக்கெடுக்கப் போயிருந்தால், "திட்டம் தோல்வி" என்று எழுதியிருப்பார். அது பொய்யும் அல்ல. ஆனால் மரத்தை வெட்டாதவர்களின் வயலில் காற்றின் வேகம் குறைந்தது. கிளையைக் கழித்து விறகு விற்றார்கள். அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்தார்கள். வெட்டிய கட்டைகள் மறுபடி துளிர்த்தன. இந்தத் தடவை யாரும் தானியம் கொடுக்கவில்லை. அவர்களாகவே விட்டு வைத்தார்கள்.

மரம் யாருக்குச் சொந்தம்?

இன்னொரு தடையும் இருந்தது. பழைய சட்டப்படி மரம் சர்க்காருக்குச் சொந்தம். தன் வயல் மரத்தை வெட்டினாலும் அபராதம்! பிறகு யார் மரம் வளர்ப்பார்கள்? மரடியில் வன அதிகாரிகள் சட்டத்தைத் தளர்த்த ஒப்புக்கொண்டார்கள். 2004-ல் நாட்டின் வனச் சட்டமே மாறியது.

பழைய விமானப் படங்களோடு செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த நிபுணர்கள் வியந்தார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் 20 கோடி மரங்கள் இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பு.

வானத்திலிருந்து எடுத்த படத்தில் மரம் தெரியும். அதன் விறகு யார் வீட்டு அடுப்பில் எரிகிறது என்பது தெரியாது. விறகுக்கு நடந்த பெண்களைக் கேட்க வேண்டும். நிலம் இல்லாதவர்களைக் கேட்க வேண்டும். மந்தையோடு வரும் மேய்ப்பர்களுக்குத் தழை கிடைக்கிறதா, அடி கிடைக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

அதுவும் ஒரு தடவை கேட்டால் போதாது. கன்று நட பணம் கொடுப்பவர்கள், பத்து வருஷம் கழித்து ஓர் ஆள் அங்கே போய்வர வண்டிச் செலவையும் இப்போதே எடுத்து வைக்க வேண்டும்.