வாசகசாலையில் ஜாலவித்தை

பொது வாசகசாலையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜாலவித்தை வகுப்பு நடத்துவதென்றால் நம்மவரிற் பலர் சிரிப்பார்கள். புஸ்தகம் படிக்கும் இடத்தில் செப்பிடு வித்தைக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். ஆயினும், வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ள கிளை நூலகங்களில் அவசியம் நடக்கவேண்டிய காரியம் இது என்பதே நமது அபிப்பிராயம். அதுவும் குழந்தைகளுக்கு மட்டுமன்று. அவர்களுடைய தகப்பன்மாருக்கும் பாட்டிமாருக்கும் சேர்த்தே நடத்தவேண்டும்.

மாயாஜாலம் நூலகத்துக்குப் புறம்பான விஷயமும் அன்று. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகம் 2017 அக்டோபர் முதல் 2018 பிப்ரவரி வரை, ஹாரி பாட்டர் கதைகளை முன்னிட்டு, மந்திர மாயங்களின் சரித்திரத்தைப் பற்றி ஒரு பொருட்காட்சியே நடத்தியது. லண்டன் வரை போவானேன்? அறிவியல் இயக்கத்தார் 'மந்திரமா, தந்திரமா' என்ற பெயரால் தமிழகத்திலும் புதுவையிலும் கிராமம் கிராமமாக நடத்திக் காட்டிய நிகழ்ச்சிகளை நேயர்கள் பலர் கண்டிருப்பார்கள். போத்தனூர் பி. பிரேமானந்த் 2009-ல் காலமாகும் வரை, வெறுங்கையில் விபூதி வரவழைப்பது எப்படி என்று ஊர்தோறும் செய்து காட்டி, செய்யும் வகையையும் ஒளிக்காமல் சொல்லி வந்தார். இலங்கையில் டாக்டர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சோதனையில் தெய்வ சக்தியைக் காட்டுவோருக்கு லட்ச ரூபாய் தருவதாக 1963-ல் அறைகூவினார். 1978-ல் அவர் மறையும் வரை அப்பணத்தை ஜெயித்தவர் ஒருவருமில்லை.

இவ்வளவு பிரசாரம் நடந்தும் ஜனங்கள் ஏமாறுவது நின்றபாடில்லை. காரணம் வெளிப்படை. காட்சி ஒரு மணி நேரம். கைதட்டி விட்டு வீட்டுக்குப் போய் விடுகிறோம். கண்ணால் பார்த்தது மறந்துபோகும். கையால் செய்து பழகியது மறக்காது. ஆகவேதான் நாம் காட்சி வேண்டாம், வகுப்பு வேண்டும் என்கிறோம்.

அந்த வகுப்பில் என்ன நடக்கும்? மஞ்சளில் தோய்த்து உலர்த்திய காகிதத்தில் சுண்ணாம்பு நீர் தொட்ட விரலை வைத்தால் இரத்தக் கறை தோன்றும். ஆரத்தி கரைக்கும் நமது தாய்மார்களுக்கு இது தெரியாத ரகசியமன்று. அதே சங்கதியைச் சாமியார் செய்தால் மட்டும் நடுங்குகிறார்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் கறை மீண்டும் மஞ்சளாகும் என்பதையும் பிள்ளைகளே செய்து பார்க்கட்டும். சாம்பலைக் கஞ்சியில் பிசைந்து சிறு வில்லையாக உலர்த்திக் கட்டைவிரலின் அடியில் இடுக்கிக் கொண்டால், நசுக்கியவுடன் விபூதி கொட்டும். நெய்யை ஊற்றியதும் தீக்குச்சியின்றி ஓமகுண்டம் பற்றிக் கொள்கிறதே, அங்கே ஊற்றியது நெய்யன்று, கிளிசரின். அடியில் தூவியிருந்தது பொட்டாசியம் பெர்மாங்கனேட். இதை ஆசிரியர் மட்டும் செய்யவேண்டும். சிறுவர் தள்ளி நின்று பார்ப்பதே தகும்.

பெரியவர்களுக்கென்று இன்னொன்று இருக்கிறது. கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும், விற்றால் கோடி கோடியாகக் கிடைக்கும் என்று சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எத்தனை முறை படித்து விட்டோம்! இரிடியம் என்பது பிளாட்டின வகையைச் சேர்ந்த உலோகம். அது அரிசியை இழுக்காது. இழுப்பது பாத்திரத்தினுள் மறைத்த காந்தம். இழுபடுவது அரிசியில் ஒட்டிய இரும்புத்தூள். வக்கீல் தொழிலில் நாம் கண்ட வரையில், இவ்விதம் ஏமாந்து வருகிறவர்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவர் குறைவு. படித்தவர்களே, அதுவும் கடன் வாங்கி, ஏமாறுகிறார்கள்.

கையில் நடக்கும் தந்திரத்தைவிடக் கணக்கில் நடக்கும் தந்திரம் மிகவும் பொல்லாதது. பாகூர் ஏரிப் பாசன வயல்களில் வேலை செய்வோருக்குப் பாம்பு புதிதன்று. பாம்பு கடித்தவனை மந்திரிப்பவரிடம் கொண்டுபோகிறார்கள். அவன் பிழைத்துக் கொள்கிறான். மந்திரத்தின் கீர்த்தி பரவுகிறது. நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை என்பதும், விஷப்பாம்பும் சில வேளைகளில் விஷத்தைச் செலுத்தாமலே கடிக்கும் என்பதும் யாருக்கும் தோன்றுவதில்லை. மந்திரிக்காமல் விட்டிருந்தாலும் அவன் பிழைத்திருப்பான். ஆனால் நல்ல பாம்போ, கண்ணாடி விரியனோ, கட்டுவிரியனோ மெய்யாகவே விஷமேற்றிய நாளில், வேப்பிலை அடித்துக் கழித்த ஒரு மணி நேரமே உயிரைக் கொண்டுபோகும். விஷமுறிவு ஊசி ஆஸ்பத்திரியில் காத்திருக்க, ஆள் மந்திரவாதி வீட்டுத் திண்ணையில் கிடக்கிறான். சோழி நூறை ஒரு பானையில் போட்டு, பத்துக்கு மட்டும் கறுப்புப் பூசி, கண்ணை மூடி எடுக்கச் சொன்னால் இந்தக் கணக்குப் பாட்டிக்கும் விளங்கி விடும். வகுப்பிலே நாம் முதலில் வைக்க விரும்பும் பாடம் இதுதான்.

சட்டம் இல்லையா என்பார் உண்டு. இருக்கிறது. மந்திர சிகிச்சை விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954 முதல் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் டாக்டர் நரேந்திர தாபோல்கர் பல ஆண்டுகள் மன்றாடிய மசோதா, அவர் 2013 ஆகஸ்டு 20-ல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே சட்டமாயிற்று. ஆனால் கலசத்தை வாங்கி ஏமாந்த பிறகுதானே போலீசாரும் நாமும் வருகிறோம்!

ஆக்ஷேபங்கள் இரண்டு வரக்கூடும். இது தெய்வ நிந்தை என்பது ஒன்று. திருக்காமீசுவரரின் தேர்வடம் பிடிக்கும் பக்தனுக்கு, விபூதி வில்லையின் ரகசியம் தெரிந்தால் என்ன நஷ்டம்? கடவுளின் பெயரால் கைவரிசை காட்டுகிறவனுக்குத்தான் நஷ்டம். மற்றொன்று, வித்தைக்காரர் பிழைப்பில் மண் விழும் என்பது. இதில் நியாயமுண்டு. மேடையில் வித்தை காட்டுபவர் ஏமாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏமாற்றும் யோக்கியர். அவருடைய தொழில் ரகசியத்தை அம்பலப்படுத்துவது அதர்மம். மோசக்காரனின் தந்திரங்களை மட்டும் கற்பித்தால் போதும். அவற்றைக் கற்பிக்க அந்த வித்தைக்காரர்களையே ஊதியம் கொடுத்து அழைப்பது உத்தமம்.

ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களின் வருவாயை எழுதி வைத்த செப்பேடு இன்றும் பேசப்படுகிறது. நாம் கிராமம் எதுவும் கேட்கவில்லை. கலை பண்பாட்டுத் துறையும் இரண்டு கொம்யூன் பஞ்சாயத்துகளும் அடுத்த கோடை விடுமுறையில் ஒரு வாரம் வில்லியனூரிலும் மறு வாரம் பாகூரிலும் இரண்டிரண்டு நாள் ஒதுக்கட்டும். செலவு, ஆசிரியர்களுக்கு ஊதியம், பாம்புக்கடி பற்றிப் பேச ஒரு டாக்டருக்கு வண்டிச் சத்தம், ஒரு கூடை எலுமிச்சம்பழம், காந்தம் நான்கு, தீக்குப் பாதுகாப்பாக ஒரு வாளி மணல்.