காற்புள்ளி அலங்காரம் அன்று

ஆங்கில வகுப்புகளில் வரையறுக்கும் பெயரடைத் தொடர் பெரும்பாலும் ஒரே முறையில்தான் கற்பிக்கப்படுகிறது. இரு வாக்கியங்களைத் தந்து ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ ஆகியவற்றுள் ஒன்றால் இணைக்கச் சொல்கிறார்கள். இணைத்தவர் மதிப்பெண் பெறுகிறார். அத்தொடர் என்ன பணி செய்கிறது என்ற கேள்வி எழுவதில்லை.

பலவற்றுள் எதைக் குறிக்கிறோம் எனப் பிரித்துக் காட்டுவதே அதன் பணி. ‘இருமொழி பேசும் மாணவர்கள் விரைந்து விடையளித்தனர்’ என்னும் ஆய்வு முடிவை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘தி ஸ்டூடன்ட்ஸ்’ என்பதை அடுத்துக் காற்புள்ளியின்றி ‘ஹூ’ வந்தால், மாணவருள் இருமொழியினரைப் பற்றியது மட்டுமே அக்கூற்று. தொடரின் இருபுறமும் காற்புள்ளி இட்டால், அம்மாணவர் அனைவருமே இருமொழியினர் என்றாகிவிடும். இங்கே மாறுவது நடையன்று. ஆய்வின் மாதிரியே மாறிவிடுகிறது. ஆயினும் ஆய்வேடுகளில் இது அச்சுப்பிழையாகக் கருதப்பட்டே திருத்தப்படுகிறது.

தமிழ் மாணவருக்கு இவ்விடர் கூடுதல். பெயரெச்சம் இவ்வேறுபாட்டை வடிவத்தில் காட்டாது. ‘சென்னையில் வாழும் அவருடைய அண்ணன்’ என்றால் அண்ணன் ஒருவரா, பலருள் ஒருவரா என்பதைச் சூழலே உணர்த்த வேண்டும். வேற்றுமை உறவும் அவ்வாறே மறைந்து நிற்கும். ‘அவர் பழம் நறுக்கிய கத்தி’ என்பதில் கருவிப்பொருளைக் காட்டும் உருபு இல்லை. ஆங்கிலமோ ‘வித்’ என்பதை விடாது கேட்கும். மாணவர் அதை விட்டுவிடுவதற்குக் கவனக்குறைவு மட்டுமே காரணமன்று. தாய்மொழியின் ஒழுங்கும் காரணம். நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறனையும் பெயரெச்சம் கொள்ளும் எனத் தொல்காப்பிய வினையியல் வகுத்திருக்கிறது. ஆங்கில வகுப்பில் இந்நூற்பாவுக்கு இடமளிக்கத் தடை ஏதுமில்லை.

மாறாக, வரையறுக்கத் ‘தட்’, கூடுதல் செய்திக்கு ‘விச்’ என்ற விதியிலேயே வகுப்பு நேரம் கரைகிறது. 1926இல் வெளியான தம் நூலில் இப்பாகுபாட்டைப் பரிந்துரைத்த ஹென்றி ஃபவுலரே, பெரும்பாலான எழுத்தாளரின் வழக்கம் அதுவன்று என ஒப்புக்கொண்டவர். வரையறுக்கும் தொடரில் ‘விச்’ வருவது பிழையன்று; காற்புள்ளி தவறான இடத்தில் வருவது பொருளையே மாற்றும்.

எனவே, இணைக்கும் பயிற்சிக்கு முன் இரு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: இத்தொடரை நீக்கினால் யாரைக் குறிக்கிறோம் என்பது மாறுமா? தமிழில் மறைந்து நிற்கும் வேற்றுமை எது? இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்த மாணவருக்கு ‘ஹூ’வும் ‘விச்’சும் எளிதில் கைவரும்.